ஜேர்மனி ஒரு மெச்சும் தோற்காமல் கிண்ணம் எடுத்தது அதிர்ஷ்டமா? பொடியன்களுக்கு என்ன சொல்ல?

வாவிக்கரையான் (கல்லடி)

வணக்கம் எல்லாருக்கும். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கல்லடிப் பக்கம் ஒரு சின்னக் கழகத்தில் 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பொடியன்களுக்குக் கூடைப்பந்து பழக்குகிறேன். பெரிய கோச் எல்லாம் இல்லை, பகலில் வேறு வேலை, பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகுதான் விசில். சீமெந்துத் தரை. ஒரு பக்க வளையத்தில் வலை பிய்ந்துபோனதால் மீன்வலைத் துண்டொன்றைக் கட்டி வைத்திருக்கிறோம், அதற்குள்ளால் பந்து விழுந்தால் சத்தமே வராது, போனதா போகவில்லையா என்று அதிலேயே தினம் ஒரு சண்டை.

போன மாதம் ஒரு சுற்றுப்போட்டியில் தொடர்ந்து மூன்று மெச் வென்றோம். மூன்றிலும் பாதிக்கு மேல் புள்ளி எடுத்தது ஒரே பொடியன். நாலாவது மெச்சில் அவனுக்குக் கை ஓடவில்லை. எறிகிறான், வளையத்தில் பட்டு வெளியே வருகிறது, திரும்ப எறிகிறான், திரும்ப வெளியே. மற்ற நாலு பேரும் சாமி கும்பிட வந்தவர்கள் மாதிரி அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். 31 புள்ளியால் தோற்றோம். திரும்பி வரும்போது வானுக்குள் ஒருவனும் ஒருவனோடும் பேசவில்லை, அந்தப் பொடியன் மட்டும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தான்.

அதற்குப் பிறகுதான் 2023 உலகக் கிண்ணத்து ஜேர்மனி ஞாபகம் வந்தது. எட்டு மெச், எட்டும் வெற்றி. 2025இல் ஐரோப்பியக் கிண்ணம், ஒன்பதுக்கு ஒன்பது. இதைப் பொடியன்களுக்குச் சொன்னால் அவர்களில் ஒருவன், "சேர், அது லக், அமெரிக்கா நல்ல டீமை அனுப்பவில்லை" என்று முடித்துவிட்டான். எனக்குப் பதில் வரவில்லை. மெச் பார்த்தவர்கள் சொல்லுங்கள், அது அதிர்ஷ்டம்தானா? இல்லை என்றால் எங்களைப் போல ஒரு சின்ன டீம் அதில் எதைப் பிடித்துக்கொள்ளலாம்?

---

மூன்று_புள்ளி (ஏறாவூர்)

அண்ணன், உங்கள் கேள்விக்குப் பதில் ஒரே மெச்சில் இருக்கிறது. இறுதிப் போட்டியும் இல்லை, அமெரிக்காவோடு விளையாடியதும் இல்லை. லத்வியாவோடு விளையாடிய காலிறுதி.

கதையை முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும். ஜேர்மனிக்கு முதல் சுற்று ஜப்பானில், ஒக்கினாவாவில். ஜப்பானை 81-63, அவுஸ்திரேலியாவை 85-82, பின்லாந்தை 101-75. முதல் மெச்சிலேயே ஃபிரான்ட்ஸ் வாக்னருக்குக் கணுக்கால் பிரண்டுவிட்டது, டீமின் இரண்டாவது பெரிய ஆள் அவர், காலிறுதி வரைக்கும் வெளியேதான். அவர் இல்லாமலே இரண்டாம் சுற்றில் ஜோர்ஜியாவுக்கும் லூக்கா டொன்சிச் இருந்த ஸ்லோவேனியாவுக்கும் நூறு நூறு புள்ளி போட்டார்கள். இதெல்லாம் சுகமாக வந்த வெற்றி, இதில் படிக்க அவ்வளவு ஒன்றும் இல்லை.

மறுகா மணிலாவில் லத்வியா. டீமின் முதல் ஆள் டெனிஸ் ஷ்ரோடர் அன்று 26 தரம் எறிந்து 4தான் போட்டார். திரும்பச் சொல்கிறேன், 26க்கு 4. மூன்று புள்ளி எறிகள் எட்டு, ஒன்றும் போகவில்லை. உங்கள் பொடியனுக்கு நடந்தது அப்படியே அவருக்கும் நடந்தது, அதுவும் உலகம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க. ஆனால் ஜேர்மனி 81-79 என்று வென்றது. எப்படி? கால் காயத்திலிருந்து திரும்பி வந்த வாக்னர் போட்டார், மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள், ஒருவரும் ஷ்ரோடரைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. கடைசி விநாடியில் லத்வியாவின் டேவிஸ் பெர்டான்ஸ் தூரத்திலிருந்து எறிந்த மூன்று புள்ளி உள்ளே போயிருந்தால் ஜேர்மனி அன்றே வீட்டுக்குப் போயிருக்கும். போகவில்லை. அந்த ஒரு எறி லக்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த லக் வரும்வரைக்கும் மெச்சை இழுத்துக்கொண்டு வந்தது லக் இல்லை.

இரண்டு நாள் கழித்து அமெரிக்கா. அன்று கதாநாயகன் ஷ்ரோடர் இல்லை, அன்ட்ரியாஸ் ஒப்ஸ்ட் என்ற எறிகாரன், 24 புள்ளி. வாக்னர் 22, டானியல் தைஸ் 21. கடைசி நிமிடங்களில் அமெரிக்கா ஒரு புள்ளிக்குள் நெருங்கி வந்துவிட்டது, நான் போனைக் கட்டிலில் போட்டுவிட்டு எழும்பி நின்றுவிட்டேன், அப்போது ஒப்ஸ்ட் ஓடி வந்து பந்தைப் பிடித்த வேகத்திலேயே ஒரு மூன்று புள்ளி போட்டார். 113-111. அடுத்து சேர்பியாவோடு இறுதி, பாதி நேரத்தில் 47-47, மூன்றாம் கால்பகுதியில் சேர்பியாவைப் பத்துப் புள்ளியோடு கட்டிப்போட்டார்கள், முடிவு 83-77. அந்த மெச்சில் ஷ்ரோடர் 28. காலிறுதியில் 26க்கு 4 போட்ட அதே ஆளுக்குத்தான் தொடரின் சிறந்த வீரர் விருதும் போனது.

அந்தப் பொடியனிடம் இதைச் சொல்லுங்கள்.

---

கடற்கரைக்_காற்று (கல்முனை)

தம்பி ஏறாவூர் நன்றாக எழுதியிருக்கிறார், ஆனால் கொஞ்சம் தேன் கூடிப்போச்சு.

உண்மையைச் சொல்லுங்கள். சேர்பியாவுக்கு அவர்களின் பெரிய நட்சத்திரம் யோக்கிச் வரவில்லை. லத்வியாவுக்கு அவர்களின் நட்சத்திரம் போர்சிங்கிஸ் இல்லை. அமெரிக்கா தன் முதல் வரிசை ஆட்களை வீட்டில் விட்டுவிட்டு வந்தது, அதே தொடரில் லித்துவேனியாவிடமும் 110-104 என்று தோற்று, கடைசியில் கனடாவிடமும் தோற்று நாலாவதாகப் போனது. காலிறுதியில் இரண்டு புள்ளி, அரையிறுதியில் இரண்டு புள்ளி. இரண்டு பந்து மாறி விழுந்திருந்தால் இன்று ஜேர்மனியைப் பற்றி ஒருவரும் பேசமாட்டார்கள். பொடியன் சொன்னதில் பாதி சரி.

2025ஐயும் பாருங்கள். யோக்கிச் இருந்த சேர்பியாவை பின்லாந்து 92-86 என்று அடித்து அனுப்பிவிட்டது, ஜேர்மனிக்கு அரையிறுதியில் வந்தது அந்தப் பின்லாந்து. பாதை துப்புரவாக்கிக் கொடுத்த மாதிரி.

இன்னொன்று, இடையில் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கை எல்லாரும் விழுங்கிவிடுகிறீர்கள். அங்கேயும் தொடர்ந்து நாலு வென்றார்கள், பிரான்ஸையே முதல் சுற்றில் 85-71 என்று வென்றார்கள், பிறகு அதே பிரான்ஸிடம் அரையிறுதியில் 73-69, அப்புறம் வெண்கலத்துக்கு சேர்பியாவிடம் 93-83. வெறுங்கையோடு வந்தார்கள்.

---

மூன்று_புள்ளி (ஏறாவூர்)

காக்கா, நீங்கள் சொன்ன கணக்கு எல்லாம் சரி. ஆனால் 2019ஐ விட்டுவிட்டீர்களே. அந்த உலகக் கிண்ணத்தில் இதே ஷ்ரோடரும் தைஸும் இருந்தார்கள், டொமினிக்கன் குடியரசிடம் தோற்று முதல் சுற்றோடு கதை முடிந்தது. நாலு வருடத்தில் அந்த டீம் சம்பியன். ஆள் பெரிதாக மாறவில்லை, என்ன மாறியது?

கோர்டன் ஹெர்பர்ட் என்று ஒரு கனடாக்காரர் கோச்சாக வந்தார். வந்த உடனே வீரர்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று: மூன்று வருடத்துக்கு உங்கள் கோடை விடுமுறையை நாட்டுக்குத் தருவீர்களா, தருவதென்றால் வாருங்கள். என்பிஏயில், அதாவது அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில், விளையாடுகிறவர்களுக்கு அந்த விடுமுறைதான் உடம்பைத் தேற்றுகிற நேரம், அதைக் கேட்பது சின்ன விஷயம் இல்லை. 2022இல் பெர்லினில் ஐரோப்பிய வெண்கலம் எடுத்த கூட்டத்தில் பெரும்பாலானவர்கள்தான் 2023இலும். சண்டை இல்லாத டீமும் இல்லை அது, இரண்டாம் சுற்றில் நேர இடைவேளையின்போது ஷ்ரோடரும் தைஸும் கமெரா முன்னாலேயே வாய்த்தர்க்கம், கோச் கத்தித்தான் ஷ்ரோடரை இருத்தினார். நாலைந்து கோடை ஒன்றாக இருந்தவர்கள் அப்படிச் சண்டை பிடிக்கலாம், அடுத்த நிமிடம் ஒருவருக்கொருவர் பந்தும் கொடுக்கலாம்.

2025இல் அந்த ஹெர்பர்ட்டும் இல்லை. புதுக் கோச் அலெக்ஸ் மும்ப்ரூவுக்குத் தொடர் தொடங்கும்போதே உடம்பு முடியாமல் போக, துணைக் கோச் அலன் இப்ராகிமாகிச்தான் டீமை நடத்தினார். இறுதியில் எதிரே நின்ற துருக்கியும் அதுவரை ஒரு மெச்சும் தோற்காத டீம். எங்கள் நேரத்துக்கு நடுச்சாமம், வீட்டில் எல்லாரும் படுத்துவிட்டார்கள், நான் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுப் பார்த்தேன். 88-83, ஜேர்மனியின் கடைசி ஆறு புள்ளியும் ஷ்ரோடர். கோச் மாறியும், வருத்தம் வந்தும் ஒரு டீம் ஒன்பதுக்கு ஒன்பது போகிறது என்றால் அதை லக் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

---

பழைய_9ஆம்_நம்பர் (மட்டக்களப்பு டவுன்)

பிள்ளைகள், நான் எழுபது தாண்டியவன், எழுத்துப் பிழை இருந்தால் மகள் திருத்தித் தருவாள்.

அந்த அமெரிக்க மெச் பின்னேரம் ஆறு மணி தாண்டித் தொடங்கியது, பேரன் போனைத் தேநீர்க் கோப்பையில் சாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான், நான் அங்கால பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தேன். வர்ணனையில் "கோச் ஹெர்பர்ட்" என்றதும் எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ செய்தது, பத்திரிகையை வைத்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன். மட்டக்களப்பில் என் வயதுக்காரர்களிடம் கேளுங்கள், கூடைப்பந்து என்றால் ஹேர்பேட் சுவாமி. யூஜின் ஜோன் ஹேர்பேட் அடிகளார், அமெரிக்காவில் லூசியானாக்காரர், 1940களின் கடைசியில் வந்த இயேசு சபைக் குருமாரில் ஒருவர். மிக்கேல் கல்லூரிக் கூடைப்பந்தின் பெயரை இலங்கை முழுக்கக் கொண்டு போனவர். 1990 ஓகஸ்ட் 15, வாழைச்சேனைப் பக்கமிருந்து ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தவர் வந்து சேரவே இல்லை. கூட வந்த பொடியனும் இல்லை. இன்றைக்கும் ஒரு தடயமும் இல்லை. நீங்கள் எல்லாரும் போய் வருகிற வெபர் மைதானத்தின் பெயரும் அதே சபையைச் சேர்ந்த இன்னொரு அமெரிக்கச் சுவாமியுடையதுதான், தெரிந்திருக்கும்.

பேரனுக்கு இதைச் சொன்னேன். "அப்பப்பா, அது வேற ஸ்பெல்லிங்" என்றான். சரிதான், வேறு எழுத்துத்தான்.

கல்லடித் தம்பிக்கு ஒரு சொல். என் ஒன்பதாம் நம்பர் பனியன் ஏன் ஒன்பது என்று தெரியுமா? அப்போது நம்பர் நாலில்தான் தொடங்கும், பதினைந்தில் முடியும், ஒன்று இரண்டு மூன்று நடுவரின் விரல் சைகைக்கு. ஆக பன்னிரண்டு பேர். அந்தப் பன்னிரண்டில் பதினைந்தாம் நம்பர்க்காரனும் மெச்சில் என்றைக்காவது ஒருநாள் இறங்குவான் என்று தெரிந்தால்தான் பயிற்சிக்கு வருவான். நீங்கள் தோற்ற அந்த மெச்சில் எத்தனை பேரை இறக்கினீர்கள்? இதற்குப் பதில் இங்கே போடத் தேவையில்லை.

---

வாவிக்கரையான் (கல்லடி)

ஐயா, போடுகிறேன். ஆறு பேர். ஆறாவது ஆளும் ஒருவனுக்கு ஐந்து பவுல் விழுந்ததால்தான் இறங்கினான்.

கேட்டது நல்லது. கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஏறாவூர்த் தம்பி சொன்ன மூன்று வருடக் கணக்கு எங்களுக்குச் சரிவருமா? சாதாரண தரம் வந்தால் ஒரு வருடம் ரியூசன், பந்தைத் தொட வீட்டில் விடமாட்டார்கள். உயர்தரம் முடிந்தால் பாதிப் பேர் கட்டார், டுபாய். மாரி தொடங்கினால் நவம்பரிலிருந்து ஜனவரி வரைக்கும் எங்கள் கோர்ட் ஒரு குளம், தவளைதான் விளையாடும். எனக்கு ஒரு டீமை முழுசாக ஒன்றரை வருடம் வைத்திருக்கக் கிடைத்தால் பெரிய காரியம்.

---

கடற்கரைக்_காற்று (கல்முனை)

கோர்ட் பற்றிப் பேசினீர்களே, அப்படியென்றால் ஜேர்மனியை விடுங்கள், தென் சூடானைப் பாருங்கள். நான் லக் என்று சொன்னவன்தான், ஆனால் இவர்களைப் பற்றி எனக்கும் வாய் மூடிவிடும்.

2011இல் பிறந்த நாடு. 2023இலும் சர்வதேசத் தரத்தில் கூரை போட்ட ஒரு கோர்ட்கூட அங்கே இருக்கவில்லை. வீரர்களில் பலர் யுத்தத்தில் ஓடிப்போய் அகதி முகாமிலும் வெளிநாட்டிலும் வளர்ந்தவர்கள், அந்தக் கதை எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. என்பிஏயில் விளையாடிய லூவால் டெங் ஓய்வு பெற்றுச் சங்கத் தலைவராக வந்து, எங்கெங்கோ சிதறிக் கிடந்த பிள்ளைகளைக் கூட்டிச் சேர்த்தார். 2023இல் முதல் உலகக் கிண்ணம், சீனாவை 89-69, பிலிப்பைன்ஸை அதன் சொந்த மண்ணில் 87-68, அங்கோலாவை 101-78, ஆபிரிக்காவுக்கு நேரடியாகக் கிடைக்கிற ஒலிம்பிக் இடம் அவர்களுக்கு. அடுத்த வருடம் லண்டனில் ஒரு பயிற்சி மெச்சில் லெப்ரோன் இருந்த அமெரிக்காவோடு 101-100. கடைசி எட்டு விநாடியில் லெப்ரோன் போட்டதால்தான் அமெரிக்கா தப்பியது. பாரிஸில் முதல் மெச்சில் நாட்டுப் பண்ணை மாற்றிப் போட்டுவிட்டார்கள், பழைய சூடானின் பண் ஒலித்தது. வீரர்கள் அப்படியே நின்றார்கள், சரியானது வரும்வரைக்கும். பிறகு புவேர்ட்டோ ரிக்கோவை 90-79 என்று வென்றார்கள்.

அவர்கள் ஓடுவதைப் பாருங்கள், ஐந்து பேரும் ஓடுவார்கள். அதற்குக் கூரை தேவையில்லை.

---

தம்பிலுவில்_அக்கா

ஒருவரும் தம்பி கேட்ட இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. எல்லாரும் ஸ்கோர் சொல்லுகிறீர்கள். நான் விளையாட்டுப் பாடம் படிப்பிக்கிறவள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று விளங்க வேண்டும். பொடியன்கள் யூடியூபில் பார்ப்பது என்பிஏ. அங்கே 48 நிமிடம், இங்கே 40. எட்டு நிமிடம் குறைந்தால் ஒரு ஆள் தனியாக எடுக்கிற புள்ளியும் குறையும். அங்கே தடுக்கிற உயரமான ஆள் ஆளை மறிக்காமல் வளையத்துக்குக் கீழே மூன்று விநாடிக்கு மேல் நிற்க முடியாது, எங்கள் விதியில் அவன் அங்கேயே கூடாரம் போடலாம். அங்கே ஆறாவது பவுலில்தான் வெளியே, இங்கே ஐந்தில். இதெல்லாம் சேர்ந்து என்ன ஆகிறது என்றால், ஒருத்தன் பந்தைத் தட்டித் தட்டி உள்ளே போய்ப் போடுகிற விளையாட்டு நாட்டு டீம்களின் போட்டியில் அடைபட்டுப் போகும். உள்ளே போய் வெளியே கொடுக்கத் தெரிந்த டீம் வெல்லும். ஜேர்மனிக்கு முன்பு நொவிட்ஸ்கி இருந்தார், உலகம் கொண்டாடிய ஆள், 2002 உலகக் கிண்ணத்தில் அவர்தான் சிறந்த வீரர், ஆனால் டீமுக்குக் கிடைத்தது வெண்கலம். அவர் அளவுக்கு ஒருவரும் இல்லாத டீம்தான் தங்கம் எடுத்தது.

இப்போது பயிற்சி. ஒப்ஸ்டின் அந்த எறியைப் பத்துத் தரம் போட்டுக் காட்டுங்கள், ஆனால் பந்தைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள், ஒப்ஸ்டின் காலை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பந்து கையில் இல்லாதபோது அவர் எங்கே நிற்கிறார், யார் மறைப்புப் போடுகிறார் (அவரைத் தடுக்க வருகிறவனின் வழியை மறித்து நிற்கிறார்), எந்தக் காலை முதலில் ஊன்றுகிறார். பிறகு கோர்ட்டில் நாலுக்கு நாலு விட்டு ஒரு விதி போடுங்கள்: பந்தை நிலத்தில் தட்டக் கூடாது. கொடுக்கலாம், ஓடலாம், எறியலாம், தட்ட மட்டும் கூடாது. முதல் நாள் கேவலமாக இருக்கும், பந்து வாவிக்குள் போகும். இரண்டாவது கிழமை பாருங்கள், அந்த நாலு பேரும் நின்று பார்க்கிற பழக்கம் போயிருக்கும், ஏனென்றால் நின்றால் பந்து வைத்திருக்கிறவன் செத்தான்.

உங்கள் புள்ளி எடுக்கிற பொடியனை மறைப்புப் போட விடுங்கள். கோபப்படுவான். விடுங்கள்.

அப்புறம் பெண் பிள்ளைகள் டீம் ஏன் வைக்கவில்லை என்று இன்னொரு திரியில் கேட்கிறேன்.

---

மூன்று_புள்ளி (ஏறாவூர்)

அக்கா சொன்ன தட்டாத விளையாட்டு எங்கள் சேரும் விட்டவர். முதல் நாள் உண்மையிலேயே பந்து றோட்டில் போய் ஒரு ஓட்டோவுக்கு அடித்தது.

---

வாவிக்கரையான் (கல்லடி)

எல்லாருக்கும் நன்றி. நேற்றுச் செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பன்னிரண்டு பேரையும் கூப்பிட்டு, கோர்ட்டுக்கு அங்கால தென்னை மரத்தடியில் இருத்தி, லத்வியா மெச்சை என் போனில் போட்டேன். ஷ்ரோடர் பிழை விடும்போதெல்லாம் எண்ணச் சொன்னேன். முதலில் ஒரே சிரிப்பு, ஒவ்வொரு எறிக்கும் "ஒன்பது", "பத்து" என்று கத்துகிறார்கள். பதினைந்துக்குப் பிறகு சத்தம் குறைந்துவிட்டது. எங்கள் பொடியன் மட்டும் கத்தவே இல்லை, விரலால் மண்ணில் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தான். ஒரு கட்டத்தில் என்னைப் பார்த்து, "சேர், இவ்வளவு விட்ட பிறகும் ஏன் அவனுக்குப் பந்து கொடுக்கிறார்கள்?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவன் சொன்னான், "அவன்தானே மற்ற ஆட்களுக்குக் கொடுக்கிறான், பார்."

அந்த நேரம் பார்த்து போனில் சார்ஜ் முடிந்து செத்துப்போச்சு. இன்னும் ஒரு நிமிடத்துக்குக் கிட்ட மெச் இருந்தது. பன்னிரண்டு பேரும், வென்றதா தோற்றதா சேர், கடைசி எறி போச்சா இல்லையா சேர் என்று சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், ஜேர்மனி கிண்ணம் எடுத்தது என்று நானே முன்பு சொன்னதை அந்த நேரத்தில் ஒருவனும் யோசிக்கவில்லை. சனிக்கிழமை ஐந்து மணிக்கு வந்தால் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதுவரைக்கும் இந்தத் திரியை அவர்களில் யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள்.